இரவுத் தடத்தில் மலைச் சைக்கிள்: விளக்கைத் தேர்ந்தெடுப்பதும் பயன்படுத்துவதும்

மலைச் சைக்கிளின் விளக்குக்கும் சாலைச் சைக்கிளின் விளக்குக்கும் வேலையே வேறு. நகரச் சாலையில் தெருவிளக்கு எரிகிறது, தார்ப்பரப்பு ஓரளவு சமமாக இருக்கிறது. அங்கே சைக்கிள் விளக்கின் முதல் கடமை, வருகிற வண்டிகளுக்குத் தன்னைக் காட்டிக்கொள்வது. காட்டுக்குள் ஓடும் ஒற்றையடிப் பாதையில் வேறு வெளிச்சமே கிடையாது. கல், வேர், பள்ளம், மேட்டிலிருந்து சட்டென்று இறங்கும் படிக்கட்டுப் பாறை, தலை உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கிளை என எல்லாவற்றையும் விளக்கு ஒன்றே காட்டியாக வேண்டும். அது காட்டாமல் விட்ட கல், முன்சக்கரம் மோதும் வரை ஓட்டுபவருக்கு இல்லாத கல்தான்.

கடைக்குப் போனால் விளக்கின் பெட்டியில் பெரிதாகக் கண்ணில் படுவது லூமென் என்னும் ஓர் எண். 1,000, 2,000, 5,000 என்று அது ஏறிக்கொண்டே போகும். ஆனால் விளக்கைத் தேர்ந்தெடுக்க அந்த எண் மட்டும் போதாது. எவ்வளவு வேகத்தில் ஓட்டப்போகிறோம், எத்தனை மணி நேரம் ஓட்டப்போகிறோம் என்ற இரண்டு கேள்விகளுக்கு முதலில் விடை வேண்டும். வெளிச்சம் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதை வேகம் சொல்லும். பேட்டரி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை நேரம் சொல்லும். லூமென் அதற்குப் பிறகு வருகிற கணக்கு.

இருட்டில் கண்

விழித்திரையில் இருவகைச் செல்கள் உள்ளன. கூம்புச் செல்கள் நல்ல வெளிச்சத்தில் வேலை செய்பவை. நிறத்தையும் நுணுக்கத்தையும் அறிபவை. குச்சிச் செல்கள் மங்கலில் வேலை செய்பவை. அவற்றுக்கு நிறம் தெரியாது, உருவத்தின் விளிம்பும் தெளிவாகப் புலப்படாது. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் போனவுடன் கண் அதற்குப் பழகிவிடுவதில்லை. குச்சிச் செல்கள் முழுத் திறனை அடைய 20 முதல் 30 நிமிடம் ஆகும். அப்படிப் பழகிய கண், பளிச்சென்ற ஒளி ஒருமுறை நேராகப் பட்டால் நொடியில் அந்தத் திறனை இழந்துவிடும்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவது, வேகமாக ஓட்டும்போது பாதையின் நுணுக்கம் தெரிய வேண்டுமானால் கூம்புச் செல்கள் வேலை செய்யும் அளவுக்குத் தரையில் வெளிச்சம் விழ வேண்டும். நிலவொளியில் நடக்கலாம், கல்லும் வேரும் நிறைந்த இறக்கத்தில் சைக்கிள் ஓட்ட அது போதாது. இரண்டாவது, வெளிச்சம் சீராகப் பரவ வேண்டும். ஒரு சிறு வட்டம் மட்டும் பளபளவென்று எரிந்து சுற்றிலும் கும்மிருட்டாக இருந்தால், கண் அந்த வட்டத்துக்கே பழகிவிடும். அதன் ஓரத்தில் உள்ள பள்ளம் முன்னைவிட இருட்டாகத் தெரியும். அளவுக்கு மீறிய லூமென் சில வேளை பார்வையைக் குறைப்பதற்கு இதுவே காரணம். காலடியில் விழும் கடும் வெளிச்சம் தொலைவில் உள்ளதை மறைத்துவிடுகிறது.

வேகமும் தூரமும்

தடையைக் கண்டு, மூளை அதை உணர்ந்து, கை பிரேக்கைப் பிடிப்பதற்கு ஒன்றரை நொடி என்று வைத்துக்கொள்ளலாம். உதிரி மண்ணில் சக்கரம் வழுக்காமல் வேகம் குறையும் அளவை, நொடிக்கு நொடி 3.5 மீட்டர் என்று கொள்வோம். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போகிறவர் நிற்பதற்கு ஏறக்குறைய 13 மீட்டர் தேவைப்படும். 30 கி.மீ. வேகத்தில் அது 22 மீட்டர்; 40 கி.மீ. வேகத்தில் 34 மீட்டர். வேகம் இரட்டிக்கும்போது நிற்கும் தூரம் இரண்டரை மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது.

இனி வெளிச்சத்தின் பக்கம். ஒளி, தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். ஒரு விளக்கு 5 மீட்டரில் 100 லக்ஸ் (பரப்பின்மீது விழும் ஒளியின் அளவு) தந்தால் 10 மீட்டரில் 25 லக்ஸ், 20 மீட்டரில் 6 லக்ஸ் அளவே தரும். ஆகவே வேகத்தை 20-இலிருந்து 40-க்கு உயர்த்துகிறவர், 13 மீட்டரில் இருந்த அதே வெளிச்சத்தை 34 மீட்டரில் பெற வேண்டுமானால் அந்தத் திசையில் ஏழு மடங்கு ஒளி வேண்டும். ஏற்றத்தில் மணிக்கு 7, 8 கி.மீ. வேகத்தில் மிதிப்பவருக்கு 200 லூமென் தாராளம். அதே தடத்தில் அதே மனிதர் இறங்கும்போது 1,000 லூமென் தேவைப்படலாம். இரவு ஓட்டத்தின் அடிப்படை விதியும் இதற்குள்ளேயே இருக்கிறது: வெளிச்சம் எட்டும் தூரத்துக்குள் நிற்க முடியாத வேகத்தில் ஓட்டக் கூடாது.

பெட்டியில் உள்ள எண்கள்

லூமென் என்பது விளக்கிலிருந்து எல்லாத் திசைகளிலும் வெளிவரும் மொத்த ஒளி. கேண்டெலா என்பது ஒரு குறிப்பிட்ட திசையில் அந்த ஒளி எவ்வளவு குவிந்திருக்கிறது என்பதன் அளவு. லக்ஸ் என்பது ஒரு பரப்பின்மீது, சதுர மீட்டருக்கு எத்தனை லூமென் என்ற கணக்கில், வந்து விழும் ஒளி. கண் காண்பது தரையில் விழுந்து திரும்பும் ஒளியைத்தான். ஒரே 1,000 லூமெனை 30 பாகைக் கூம்பில் பரப்பினால் ஏறக்குறைய 4,700 கேண்டெலா கிடைக்கும். 15 பாகைக் கூம்பில் குவித்தால் 18,600. லூமென் மாறாமலே நடுவில் விழும் வெளிச்சம் நான்கு மடங்காகிறது. ஆனால் ஓரங்கள் இருண்டுவிடுகின்றன.

கைவிளக்குகளை அளப்பதற்கு அமெரிக்காவில் 2009-இல் எஃப்.எல்.1 என்ற தரநிலை வந்தது. சைக்கிள் விளக்கு தயாரிப்பவர்களில் சிலரும் அதைப் பின்பற்றுகிறார்கள். அதன்படி, விளக்கைப் போட்டு 30 நொடி கழிந்த பிறகே லூமென் அளக்கப்படும். எரியும் நேரம் என்பது, தொடக்க ஒளியில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையுள்ள நேரம். எட்டும் தூரம் என்பது, 0.25 லக்ஸ் விழும் தொலைவு. அதாவது ஏறத்தாழ முழுநிலவின் வெளிச்சம். இந்த இலக்கணம் தெரியாமல் பெட்டியைப் படித்தால் ஏமாற்றமே மிஞ்சும். 10,000 கேண்டெலா விளக்கின் எட்டும் தூரம் 200 மீட்டர் என்று அச்சாகியிருக்கும். ஆனால் அதே விளக்கு 100 மீட்டரில் தருவது 1 லக்ஸ். 40 மீட்டரில் 6 லக்ஸ். 20 மீட்டரில் 25 லக்ஸ். மலைத் தடத்துக்குப் பயன்படும் தூரம் கடைசி இரண்டுக்கும் உட்பட்டதுதான். “மூன்று மணி நேரம் எரியும்” என்பதற்கும், மூன்று மணி நேரமும் அதே ஒளியில் எரியும் என்று பொருள் கிடையாது. முதல் அரைமணியில் பாதியாகி, பிறகு மினுக்மினுக்கென்று இழுத்துக்கொண்டிருந்தாலும் கணக்குக்கு அது மூன்று மணி நேரம்தான்.

ஆகவே வாங்குமுன் பார்க்க வேண்டியது, நேரத்துக்கு நேரம் ஒளி எப்படிக் குறைகிறது என்று காட்டும் வரைபடம். நல்ல தயாரிப்பாளர்கள் அதை வெளியிடுகிறார்கள். மின்னோட்டத்தைச் சீராக வைக்கும் சுற்று உள்ள விளக்கில் கோடு நெடுநேரம் சமமாகப் போய்க் கடைசியில் இறங்கும். அது இல்லாத விளக்கில் முதல் நிமிடத்திலிருந்தே சரியத் தொடங்கும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சில விலை மலிந்த விளக்குகளின் பெட்டியில் இருக்கும் எண், உள்ளே உள்ள எல்.இ.டி. சில்லு ஆய்வகத்தில் அதிகபட்சமாகத் தரக்கூடிய ஒளி. கண்ணாடியையும் குவிவில்லையையும் கடந்து வெளியே வருவது அதைவிடக் குறைவு.

எண்ணெய் விளக்கிலிருந்து எல்.இ.டி. வரை

சைக்கிளுக்கு விளக்கு மாட்டும் பழக்கம் ஏறக்குறைய சைக்கிள் அளவுக்கே பழையது. தொடக்கத்தில் எண்ணெய் விளக்கு. 1890-களின் பிற்பகுதியில், கால்சியம் கார்பைடின்மேல் நீரைச் சொட்டவிட்டு உண்டாகும் அசிட்டிலீன் வாயுவை எரிக்கும் விளக்கு பரவியது. அடுத்து வந்தது, தமிழ்நாட்டிலும் ஒரு தலைமுறை நன்கறிந்த, டயரில் உராய்ந்து சுழலும் டைனமோ. இவை எதுவும் மலை இறக்கத்துக்குப் போதுமானவை அல்ல. 1980-களிலும் 90-களிலும் மலைச் சைக்கிள்காரர்கள் பயன்படுத்தியது ஹாலஜன் பல்பும், அதற்கு மின்சாரம் தரும் கனமான ஈய அமில பேட்டரியும் நிக்கல் காட்மியம் பேட்டரியும். பிறகு உலோக ஹாலைடு வகை விளக்கு வந்தது. ஒளி கூடுதல்தான், ஆனால் முழு வெளிச்சத்துக்கு வரச் சில நொடிகள் பிடிக்கும், சூடாக இருக்கும்போது அணைத்தால் உடனே மறுபடி பற்றாது, பல்பும் விலை அதிகம்.

இரவு ஓட்டத்துக்குக் கூட்டம் சேர்த்தது பந்தயம். 1992-இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் ‘24 அவர்ஸ் ஆஃப் கேனன்’ என்ற பந்தயத்தை லேர்ட் நைட் தொடங்கினார். ஒரு நாள் முழுதும், இரவும் சேர்த்து, அணியாகச் சுற்றுக்குச் சுற்று மாறி ஓட்டும் முறை அது. பின்னர் யூட்டா மாநிலத்தின் மோவாபிலும், அரிசோனாவிலும், பிரிட்டனிலும் இத்தகைய பந்தயங்கள் வேர்பிடித்தன. விடியும் வரை நிற்கும் விளக்கும், சட்டைப் பையில் அடங்கும் பேட்டரியும் வேண்டும் என்ற தேவை அங்கே கண்கூடானது.

அந்தத் தேவையைத் தீர்த்தவை இரண்டு கண்டுபிடிப்புகள். ஒன்று, 1991-இல் சோனி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயன் பேட்டரி. மற்றொன்று, 1990-களில் ஜப்பானில் உருவான பிரகாசமான நீல எல்.இ.டி.யும் அதன் வழியே வந்த வெள்ளை எல்.இ.டி.யும். நீல எல்.இ.டி.க்காக இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நாகமுரா மூவரும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசைப் பெற்றார்கள். லித்தியம் அயன் பேட்டரிக்காக ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவரும் 2019-இல் வேதியியல் நோபலைப் பெற்றார்கள். ஹாலஜன் பல்பு ஒரு வாட்டுக்கு 20 லூமென் அளவே தந்தது. இன்றைய எல்.இ.டி. விளக்கு, எல்லா இழப்பும் போக, 100 லூமென் தருகிறது.

ஹேண்டில்பாரிலா, ஹெல்மெட்டிலா?

இரவு ஓட்டத்தில் அதிகம் விவாதிக்கப்படும் கேள்வி இது. இரண்டிலும் வேண்டும் என்பதே அனுபவப்பட்டவர்களின் விடை. காரணம் நிழலில் இருக்கிறது.

ஹேண்டில்பார் விளக்கு தரையிலிருந்து ஏறக்குறைய 1 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஓட்டுபவரின் கண் 1.6 மீட்டரில். 8 மீட்டர் முன்னால் 10 செ.மீ. உயரக் கல் ஒன்று கிடந்தால், ஹேண்டில்பார் விளக்கு அதன் பின்னால் 90 செ.மீ. நீளத்துக்கு நிழல் வீழ்த்தும். அந்த நிழலில் ஏறக்குறைய 50 செ.மீ. கல்லாலேயே கண்ணுக்கு மறைந்துபோகும். எஞ்சியது கறுப்புப் பட்டையாகக் கல்லின் தலைக்குமேல் தெரியும். அந்தப் பட்டையைக் கொண்டுதான் மூளை கல்லின் உயரத்தைக் கணிக்கிறது. பள்ளமும் இப்படியே தன் கறுப்பால் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

ஹெல்மெட் விளக்கு கண்ணுக்குச் சற்றே மேலே இருக்கிறது. அது வீழ்த்தும் நிழல் முழுவதும் பொருளின் பின்னால் ஒளிந்துகொள்ளும். நேருக்கு நேர் ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் முகம் தட்டையாகத் தெரிவதுபோல, பாதையும் மேடுபள்ளமற்றுத் தட்டையாகத் தெரியும். ஹெல்மெட் விளக்கை மட்டும் நம்பி இறங்குபவர் பள்ளத்தின் ஆழத்தைத் தவறாகக் கணிப்பது இதனால்தான்.

ஆனால் ஹேண்டில்பார் விளக்குக்கும் குறை உண்டு. அது முன்சக்கரம் திரும்பும் பக்கத்தை மட்டுமே காட்டும். கொண்டை ஊசி வளைவில் ஓட்டுபவர் வளைவின் முடிவைப் பார்க்க வேண்டும். விளக்கோ எதிரே உள்ள புதரைக் காட்டிக்கொண்டிருக்கும். செங்குத்தாக இறங்கும் இடத்தின் விளிம்பை நெருங்கும்போது ஒளி வெட்டவெளியில் போய்விடும்; கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது. அங்கே தலை திரும்பும் திசையெல்லாம் ஒளியும் திரும்பும் ஹெல்மெட் விளக்கு கைகொடுக்கிறது. வழியில் சங்கிலி அறுந்தாலோ டியூப் பஞ்சரானாலோ, இரு கைகளும் விடுபட்ட நிலையில் பழுது பார்க்கவும் அதுவே உதவும்.

ஆகவே வேலையைப் பிரித்துக்கொடுப்பது முறை. ஹேண்டில்பாரில் பரந்த ஒளி, 25 முதல் 40 பாகை வரை விரியும் விளக்கு; பாதையின் அகலத்தையும் மேடுபள்ளத்தையும் அது காட்டும். ஹெல்மெட்டில் குவிந்த ஒளி, 10 முதல் 20 பாகை வரை. பார்வை செல்லும் தொலைவை அது காட்டும். ஹெல்மெட் விளக்கு ஹேண்டில்பார் விளக்கைவிடச் சற்றுக் குறைந்த ஒளியோடு இருப்பதே நல்லது. கூடுதலானால் அது நிழல்களைக் கழுவிவிடும். மேடுபள்ளம் மறுபடி மறைந்துபோகும். எளிதான தடத்தில் ஹேண்டில்பாருக்கு 600 முதல் 800 லூமென், ஹெல்மெட்டுக்கு 300 முதல் 500 போதும். வேகமான, கரடுமுரடான இறக்கத்தில் 1,200 முதல் 1,800-ம், 800 முதல் 1,000-ம் பொருத்தமானவை. அதற்கு மேல் போனால் கிடைக்கும் பயன் குறைவு. லூமென் இரட்டித்தாலும் கண்ணுக்கு வெளிச்சம் இருமடங்காகத் தோன்றுவதில்லை. பேட்டரி மட்டும் இருமடங்கு வேகத்தில் காலியாகும்.

ஒளியின் நிறமும் கணக்கில் வரும். 6,000 கெல்வினுக்கு மேற்பட்ட நீலம் கலந்த வெள்ளை, அதே மின்சாரத்தில் சற்றுக் கூடுதல் லூமென் தரும் என்பதால் பெட்டியில் எண் பெரிதாக இருக்கும். 4,000 முதல் 5,000 கெல்வின் வரையுள்ள நடுநிலை வெள்ளையில் மண், சருகு, வேர் ஆகியவற்றின் பழுப்பு வேறுபாடுகள் நன்றாகப் பிரிந்து தெரியும். காட்டுப் பாதைக்குப் பின்னது உகந்தது.

பேட்டரிக் கணக்கு

பெரும்பாலான விளக்குகளில் இருப்பது 18650 என்ற வகை லித்தியம் அயன் செல்; 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். ஒரு நல்ல செல் 3.6 வோல்ட், 3.4 ஆம்பியர் மணி. பெருக்கினால் ஏறக்குறைய 12 வாட் மணி. நான்கு செல்கள் கொண்ட பேட்டரியில் 49 வாட் மணி இருக்கும். வாட்டுக்கு 100 லூமென் என்று வைத்தால் அந்தப் பேட்டரியில் இருப்பது 4,900 லூமென் மணி. 1,600 லூமெனில் மூன்று மணி நேரம், 1,000-இல் ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, 400-இல் பன்னிரண்டு மணி நேரம். இந்த ஒரு பெருக்கலைத் தெரிந்துவைத்திருப்பவர் எந்தப் பெட்டியின் வாக்குறுதியையும் கடையில் நின்றபடியே சரிபார்த்துவிடலாம். இரண்டே செல் உள்ள சிறிய விளக்கு 2,000 லூமெனில் மூன்று மணி நேரம் எரியும் என்று எழுதியிருந்தால், ஒன்று அந்த லூமென் பொய், அல்லது அந்த நேரம் பொய்.

ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் ஸ்ட்ராத்பெஃபர் ஊருக்கு அருகே ஜனவரியில் நடக்கும் ‘ஸ்ட்ராத்பஃபர்’ என்ற 24 மணி நேரப் பந்தயம், விளக்குக் கணக்குக்கு நல்ல சான்று. அந்த அட்சரேகையில் அந்த மாதத்தில் ஏறக்குறைய 17 மணி நேரம் இருட்டு. பனியும் உறைபனியும் வழக்கம். அங்கே தனியாக ஓட்டுகிறவர், ஏற்றத்தில் குறைத்தும் இறக்கத்தில் கூட்டியும், இரு விளக்கும் சேர்த்துச் சராசரியாக 800 லூமென் செலவழிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 17 மணி நேரத்துக்கு 13,600 லூமென் மணி; அதாவது 136 வாட் மணி. குளிருக்கும் எதிர்பாராத தாமதத்துக்குமாகக் கால்பங்கு சேர்த்தால் 170. 49 வாட் மணி பேட்டரி நான்கு வேண்டும். அல்லது இடைநிறுத்தத்தில் சார்ஜ் போட வசதி வேண்டும். நால்வர் அணியில் ஒருவருக்கு விழும் இருட்டு நாலேகால் மணி நேரம். அவருக்கு 34 வாட் மணி போதும். ஒரு பேட்டரியும் ஒரு மாற்றும் கையில் இருந்தால் கவலை இல்லை.

சார்ஜ் ஏறும் நேரத்தையும் பார்க்க வேண்டும். 5 வோல்ட், 2 ஆம்பியர் சார்ஜர் தருவது 10 வாட். 49 வாட் மணி பேட்டரி நிரம்ப ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். 30 வாட் ஏற்கும் யூ.எஸ்.பி. சி வகை விளக்கானால் இரண்டு மணி நேர அளவில் முடிந்துவிடும்.

குளிரில் லித்தியம் அயன் பேட்டரியின் கொள்ளளவு குறையும். அதை உடலோடு ஒட்டிய பையில் வைத்து வயர் மூலம் விளக்கோடு இணைப்பது பழகிப்போன உபாயம். உறைநிலைக்குக் கீழே உள்ள பேட்டரிக்குச் சார்ஜ் போடக் கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல்லைக் கெடுத்துவிடும். அறைச் சூட்டுக்கு வந்த பிறகே போட வேண்டும். மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் வைக்கும்போது பாதி சார்ஜில் வைப்பது நல்லது. முழு சார்ஜில் வைத்தாலும், முற்றிலும் வடியவிட்டு வைத்தாலும் செல்லின் ஆயுள் குறையும். உப்பிய பேட்டரியைத் தொடர்ந்து பயன்படுத்தவே கூடாது. விமானத்தில் போகும்போது உபரி பேட்டரிகளைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும்; 100 வாட் மணி வரை பொதுவாக அனுமதி உண்டு.

சூடு, நீர், பிடிமானம்

எல்.இ.டி.க்குப் பகை சூடு. உள்ளே வரும் மின்சாரத்தில் பெரும்பங்கு சூடாகத்தான் மாறுகிறது. விளக்கின் அலுமினிய உடலும் அதன் வரிவரியான மடிப்புகளும் அந்தச் சூட்டைக் காற்றில் கரைப்பதற்கே. ஓடும்போது காற்று அடித்துச் சூட்டை எடுத்துப்போகும். நின்றுகொண்டே முழு வெளிச்சத்தில் வைத்தால் சில நிமிடங்களில் விளக்கு தானாகவே ஒளியைக் குறைத்துக்கொள்ளும். அது பழுது அல்ல, தற்காப்பு. தீப்பெட்டி அளவு விளக்கில் 2,000 லூமென் என்று எழுதியிருந்தால், மெதுவான ஏற்றத்தில் அது அந்த ஒளியில் நெடுநேரம் நிற்காது என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

நீர்க்காப்பு ஐ.பி. என்ற குறியீட்டில் இருக்கும். ஐ.பி.எக்ஸ்.4 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும், ஐ.பி.எக்ஸ்.7 என்றால் 1 மீட்டர் நீரில் 30 நிமிடம் மூழ்கினாலும் தாங்கும். மழையிலும் ஓடையிலும் ஓட்டுபவருக்குப் பின்னதே ஏற்றது. சார்ஜ் துளையின் ரப்பர் மூடி சரியாக அழுந்தாவிட்டால் எந்தக் குறியீடும் உதவாது.

பிடிமானம் சிறிய விஷயமாகத் தோன்றும். தடத்தில் அதுதான் பெரிது. ரப்பர் பட்டையால் கட்டப்பட்ட கனமான விளக்கு, கல்லில் குலுங்கும்போது மெல்லத் தலைகவிழும். திருகால் இறுகும் உலோகக் கிளாம்ப் அசையாது. ஹெல்மெட்டில் மாட்டும் விளக்கு 150 கிராமுக்குள் இருப்பது நலம். அதற்கு மேல் போனால் ஹெல்மெட் முன்னோக்கிச் சரியும், கழுத்து வலிக்கும். பேட்டரியை முதுகுப் பையில் வைத்தால் தலைமேல் பாரம் குறையும். ஆனால் வயர் கிளையில் சிக்காதபடி கட்டியிருக்க வேண்டும். கிளை இடித்தால் ஹெல்மெட்டை இழுக்காமல் விளக்கு மட்டும் கழன்றுவிடும் பிடிமானம் பாதுகாப்பானது.

தடத்தில் பயன்படுத்தும் முறை

புறப்படுமுன் விளக்கின் கோணத்தைச் சுவரில் அளந்து சரிசெய்யலாம். ஹேண்டில்பார் விளக்கின் மையம் 12 மீட்டர் முன்னால் தரையில் விழ வேண்டுமானால், 3 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் அந்த மையம் விளக்கின் உயரத்தைவிட 25 செ.மீ. தாழ்ந்து விழ வேண்டும். அளக்கும்போது ஓட்டுபவர் சைக்கிள்மேல் ஏறி அமர்ந்திருப்பது அவசியம். அவர் எடையில் சஸ்பென்ஷன் அமுங்கும், கோணமும் மாறும். ஹெல்மெட் விளக்கை, இயல்பாகத் தலைநிமிர்ந்து பார்க்கும்போது 15 முதல் 20 மீட்டருக்கு அப்பால் விழும்படி வைத்தால் இரண்டு வெளிச்சங்களும் ஒன்றோடொன்று சேர்ந்து இடைவெளியின்றி நீளும்.

ஏற்றத்தில் இரண்டு விளக்குகளையும் குறைந்த நிலையில் வைக்கலாம். ஹெல்மெட் விளக்கை அணைத்தேகூட வைக்கலாம். இறங்கத் தொடங்குமுன் கூட்டிக்கொள்ள வேண்டும். இறக்கத்தின் நடுவில் பொத்தானைத் தேடிக் கையை எடுப்பது ஆபத்து. கட்டைவிரல் எட்டும் இடத்தில் தனிப் பொத்தான் உள்ள விளக்குகள் இதற்காகவே செய்யப்படுகின்றன. நிலைகளை மாற்றும்போது வழியில் ‘அணை’ அல்லது ‘மினுக்கு’ நிலை குறுக்கிடும் விளக்கைத் தவிர்க்க வேண்டும். கரடுமுரடான இறக்கத்தில் அரைநொடி இருட்டே விழுவதற்குப் போதும்.

மூடுபனியிலும் புழுதியிலும் ஹெல்மெட் விளக்கைக் குறைக்க வேண்டும், தேவையானால் அணைக்க வேண்டும். கண்ணுக்கு அருகிலிருந்து கிளம்பும் ஒளி பனித்துளிகளில் பட்டு நேராகக் கண்ணுக்கே திரும்பி, வெள்ளைத் திரை ஒன்றை விரிக்கும். குளிரில் ஓட்டுபவர் விடும் மூச்சின் ஆவியும் இதே தொல்லையைத் தரும். தாழ்ந்திருக்கும் ஹேண்டில்பார் விளக்கு அந்த நேரத்தில் தெளிவாகக் காட்டும்.

கூட்டமாக ஓட்டும்போது சில மரியாதைகள் உண்டு. எதிரே வருபவரிடமோ நின்று பேசும்போதோ ஹெல்மெட் விளக்கு அவர் கண்ணில் படாதபடி தலையைத் தாழ்த்த வேண்டும். அல்லது விளக்கையே தணிக்க வேண்டும். பின்னால் வருகிறவரின் ஒளி முன்னால் போகிறவரின் நிழலை அவர் பாதையின்மேலேயே வீழ்த்தும். ஆகவே பகலைவிடக் கூடுதல் இடைவெளி தேவை. பின்பக்கச் சிவப்பு விளக்கு தடத்தில் மங்கலாக, மினுக்காமல் எரிந்தால் போதும். சாலைக்கு வந்ததும் அதைக் கூட்டிக்கொள்ளலாம்.

சாலைக்கு வந்ததும் முன்விளக்கையும் தாழ்த்தித் தணிக்க வேண்டும். தட விளக்கின் ஒளி வட்டமாக, மேலும் கீழும் சமமாகப் பரவுவது. எதிரே வரும் ஓட்டுநரின் கண்ணைக் கூசவைக்கும். ஜெர்மனியின் போக்குவரத்து விதிகள் சைக்கிளின் முன்விளக்கு எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்கக் கூடாது என்று கோருகின்றன. அங்கே விற்கும் சாலை விளக்குகளின் ஒளி, மேல்விளிம்பில் வெட்டினாற்போல் நிற்பது அதனால்தான். ஆனால் அதே வெட்டு, தலை உயரக் கிளையைக் காட்டாது. ஒன்றுக்கு ஏற்ற விளக்கு மற்றொன்றுக்கு ஏற்றதல்ல.

பல நாள் நெடும்பயணத்துக்கு வேறு கணக்கு. கனடாவின் பான்ஃப் நகரிலிருந்து அமெரிக்க மெக்ஸிகோ எல்லை வரை 4,300 கி.மீ.க்கு மேல் நீளும் டூர் டிவைட் போன்ற பயணங்களில் நாள்தோறும் சார்ஜ் போட இடம் கிடைக்காது. அங்கே முன்சக்கரத்தின் அச்சுக்குடத்திலேயே அமைந்த டைனமோவைப் பலர் நாடுகிறார்கள். அதன் திட்ட அளவு 6 வோல்ட், 3 வாட். வேகம் குறைந்தால் ஒளியும் குறையும் என்பதால் செங்குத்தான ஏற்றத்தில் அது தடுமாறும். ஹெல்மெட்டில் சிறிய பேட்டரி விளக்கு துணைக்கு வேண்டும்.

விளக்கு இருக்கிறது என்பதற்காக எந்தக் காட்டுக்குள்ளும் இரவில் நுழைந்துவிட முடியாது. பல நாடுகளில் பூங்காக்களின் தடங்கள் அந்தி சாய்ந்ததும் மூடப்படுகின்றன. இரவுதான் பல விலங்குகள் நடமாடும் நேரம். யானை நடமாடும் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் எத்தனை லூமெனும் பாதுகாப்பு அல்ல. அங்கே வனத்துறையின் அனுமதியின்றிப் போகவே கூடாது.

வாங்கும் வரிசை

ஒரே ஒரு விளக்கு வாங்கத்தான் பணம் இருக்கிறது என்றால் ஹேண்டில்பாருக்குப் பரந்த ஒளி தரும் 800 முதல் 1,000 லூமென் விளக்கை வாங்கலாம்; நிழல் காட்டும் விளக்கு அது. அடுத்த பணத்தில் ஹெல்மெட்டுக்கு எடை குறைந்த குவிந்த ஒளி விளக்கு. மூன்றாவதாக மாற்று பேட்டரி. இவை மூன்றும் கையில் இருக்கும்போதுதான் இன்னும் பெரிய லூமெனைப் பற்றி யோசிக்கலாம். இரண்டு விளக்குகள் இருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு: ஒன்று நடுவழியில் அணைந்தாலும் மற்றொன்றின் வெளிச்சத்தில் வீடு திரும்பிவிடலாம். முதல் முறை இரவில் போகிறவர், பகலில் பலமுறை ஓட்டிப் பழகிய தடத்தில், ஒருவரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு, திரும்பும் நேரத்தை வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். பேட்டரியின் சார்ஜ் பாதிக்கு வந்ததும் திரும்பிவிட வேண்டும்.